பத்து மணிப் பால்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பெயின்ற் அடிக்க நசீர் வந்தார். தோப்பூர்க்காரர். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

ஸ்பிரே அடிக்கிற மெஷினை ஆயத்தப்படுத்தினார். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார்.

"ஏன் நசீர், புழுங்கிச் சாகவோ?"

"தூசு வந்து ஒட்டும் அம்மா. வெளியில மழை வேற தூறுது. ஈரம் பட்டா பெயின்ற் வெள்ளை பூத்துரும்."

கதவையும் சாத்தினார். சாத்துவதற்கு முன் தலையை மட்டும் வெளியே நீட்டிச் சிரித்தார்.

"ஒரு கிளாஸ் பால் தருவீங்களா அம்மா? பெயின்ற் கரைக்கிற தின்னர் மணக்கிற வேலை. பால் குடிச்சா நெஞ்சில நஞ்சு தங்காது."

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஒன்றுமில்லை. பெயின்ற் அடிக்கிறவர்கள், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர்கள்... இவர்களுக்கெல்லாம் பால் கொடுப்பது வழக்கம்தானே. நானும் குசினிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசம். வீட்டில் ஒரு பழம்கூடக் கிடையாது. நான் வாங்குவதில்லை. வாங்கவும் மாட்டேன், தின்னவும் மாட்டேன். கலியாண வீடுகளில் இலையில் பழம் வைத்தால் பக்கத்து ஆளின் இலைக்குத் தள்ளிவிடுவேன். இந்தக் கிழவிக்கு என்ன கிறுக்கு என்று பலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பால் பொங்குவதற்குள் பக்கத்து வீட்டு ரவி வந்துவிட்டான். கொழும்பில் ஒரு பெயின்ற் கொம்பனியில் கெமிஸ்ற்றாக வேலை செய்கிறான். லீவில் வந்திருக்கிறான். மணம் அவர்கள் வீட்டு விறாந்தை வரைக்கும் போயிருக்கிறது. வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தான். ஜன்னல்களைத் திறந்தான். நசீரின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

"நசீர் நானா, உங்களுக்கு என்ன விசரே? அறையைப் பூட்டிப்போட்டு இதை அடிக்கிறதே?"

"இல்லை தம்பி, பால் கேட்டிருக்கேன்..."

"பாலோ!"

என் கையில் அந்தக் கிளாஸ். ரவி அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்ரி, அதை நீங்களே குடியுங்கோ. பால் வயித்துக்குப் போகுது. இந்த ஆவி நெஞ்சுக்குப் போகுது. அங்கயிருந்து இரத்தத்துக்கு, பிறகு மூளைக்கு. ரெண்டும் வழியில எங்கயும் சந்திக்கிறதே இல்லை."

"அப்ப பால் ஒண்டும் செய்யாதோ?"

"ஒண்டும் செய்யாது. காத்துத்தான் இதுக்கு மருந்து."

"முந்தின காலத்திலயும் செய்யாதோ?"

"முந்தின காலத்தில மட்டும் என்ன அன்ரி, மாடு வேற பாலே கறந்தது?"

அவன் பகிடியாகத்தான் சொன்னான். நசீரும் சேர்ந்து சிரித்தார். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்... எனக்கும் இரசாயனத்துக்கும் வெகு தூரம். ஆனால் அன்றைக்கு ரவியை நான் விடவில்லை. பிடித்து உட்கார வைத்து அந்த வாசத்தின் பூர்வீகம் முழுவதையும் கேட்டேன்.

பெயர் பியூற்றைல் அசிற்றேற். வினாகிரியில் இருக்கிற அமிலத்தையும் ஒரு வகை அற்ககோலையும் சேர்த்து வைத்தால் பிறக்கிற பிள்ளை. பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லாத பழ வாசத்தோடு பிறந்துவிடும். நிறம் கிடையாது. தண்ணீரோடு சரியாகச் சேராது. ஆனால் எண்ணெய், பிசின், காய்ந்து இறுகிய பூச்சு எல்லாவற்றையும் கரைத்துவிடும். கரைத்து, பூச வேண்டிய இடத்தில் பூச விட்டு, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடும். பெண் பிள்ளைகள் நகத்தில் பூசுகிறார்களே, அதில் இருக்கிறது. தளபாட வார்னிஷில் இருக்கிறது. தோல் சாமான்களுக்குப் பூசுகிறதிலும் இருக்கிறது. நெருப்பைக் கண்டால் பக்கென்று பற்றிக்கொள்ளும்.

"வேலையை முடிச்சுப்போட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போற ஆள் அன்ரி," என்றான் ரவி. "ஆனா போற இடம்தான் பிரச்சினை. அந்த ஆவி காத்தை விட நாலு மடங்கு பாரம். மேல போகாது. கீழ இறங்கி நிலத்தோட படுக்கும். பூட்டின அறைக்குள்ள ஆர் நிலத்தோட இருக்கிறானோ அவன்தான் முதல்ல மயங்குவான்."

எங்கள் சூசை அத்தான் நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் வேலை செய்தார்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போக, திருகோணமலைப் பட்டினமே ஒருமுறை வெறிச்சோடி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி நிரம்பியிருந்தது. துறைமுகத்தில் கடலைக் காணவில்லை, கப்பல்களைத்தான் காணலாம். அரிசிக்கு வரிசை. சீலைக்கு வரிசை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஆனால் வேலைக்கு மட்டும் பஞ்சமில்லை. கை கால் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

சீனன்குடாப் பக்கம் ஓர் ஒப்பந்தக்காரர் பட்டறை போட்டிருந்தார். விமானங்களின் செட்டைகளையும் வால்களையும் பழுது பார்க்கிற பட்டறை. இப்போது பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தக் கால விமானங்கள் சிலவற்றின் செட்டை தகரமில்லை, துணி! சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தித் தைத்து, அதன் மேல் டோப் என்கிற திரவத்தைப் பூசுவார்கள். பூசிக் காய்ந்தால் துணி சுருங்கி இறுகி, தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் கேட்கும். துணிச் செட்டையோடு ஆகாயத்தில் போய்ச் சண்டை பிடித்தார்கள் என்றால் பாருங்கள்.

தைப்பது எங்கள் வேலை. கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் கொஞ்சப் பேர் போனோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊசி பிடிக்கிற கையும் நிற்காது, வாயும் நிற்காது. டோப் பூசுவது ஆண்களின் வேலை. அவர்களுக்கு எங்கள் கொட்டிலுக்கு எதிரே தனிக் கொட்டில். அத்தான் அங்கேதான் இருந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்ததே அவர்தான்.

டோப்பில் கலக்கிற தின்னரில் இருந்ததும் இதே சரக்குத்தான் என்று ரவி சொல்கிறான். எங்களுக்குப் பெயர் கியர் தெரியாது. 'வாழைப்பழத் தண்ணி' என்போம். அத்தான் தெருவால் வந்தால் ஒழுங்கையில் விளையாடுகிற சின்னதுகள் "பழம் தாங்கோ, பழம் தாங்கோ" என்று பின்னால் ஓடிவரும். அவரும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரிப்பார். வீட்டு வாசலில் அவர் கால் வைக்க முந்தியே அக்கா உள்ளே இருந்து சொல்வாள்: "ஆ, பழக்குலை வருது!"

டோப் பூசுகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. காலை பத்து மணிக்கு மணி அடிக்கும். எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு கோப்பை பால் குடிக்க வேண்டும். ஃபோர்மன் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் மட்டக்களப்புப் பறங்கி, போர்த்துக்கேயர் வழி வந்தவர். நல்ல மனிதர், நன்றாகத் தமிழ் கதைப்பார். டோப்பின் நஞ்சைப் பால் முறிக்கும் என்பது அவருடைய வேதவாக்கு. அவருக்கு அதை அவருடைய மேலதிகாரி சொன்னாராம். மேலதிகாரிக்கு அவர் ஊரில் யாரோ சொல்லியிருப்பார்கள். நாம் நம்புகிற விஷயங்கள் பாதி இப்படித்தானே நம்மிடம் வந்து சேருகின்றன? யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாங்குவதும் கொடுப்பதும்தான்.

தைக்கிற எங்களுக்குப் பால் கிடையாது. "எங்களுக்கும் மூக்கு இருக்குத்தானே, சேர்?" என்று ஒருநாள் கேட்டேன். ஃபோர்மன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அது தம்பலகாமத்துப் பசும்பால். ஊர்ப் பால் முழுவதும் முகாம்களுக்கும் பட்டறைகளுக்கும் போன காலம் அது. பட்டினத்துக்குள் கைக்குழந்தைக்குக்கூடப் பால் எடுக்க முடியாது. தகரத்தில் அடைத்த ரின்பாலைக் கடைச் சுவரில் படமாகத்தான் பார்க்கலாம்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஜெசிந்தா.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் அக்காவுக்கு மலேரியா. விட்டு விட்டுக் காய்ந்தது. காய்ச்சல் போனபோது தாய்ப்பாலையும் கொண்டு போய்விட்டது. கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றால் போனது. தோல் சுருங்கிக் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அழுவதற்குக்கூடச் சத்தில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகும். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தோம். அதற்கு அர்த்தம் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தங்காது என்பதுதான்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? பத்து மணிக்குத் தன் கோப்பையை வாங்கினார். வாயில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டினார். பிறகு கொட்டிலின் பின்பக்கம் போய் ஒரு போத்திலில் ஊற்றினார்.

ஆனால் பத்து மணிப் பால் வேலை முடிகிற வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டுமே? அதுவும் எங்கள் ஊர் வெயிலில்! முதல் நாள் கொண்டுவந்தது திரைந்து போயிற்று. அக்கா அதைக் கொட்டிவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் அத்தான் ஒரு பழந்துணியை வாழைப்பழத் தண்ணீரில் நனைத்துப் போத்திலைச் சுற்றிக் கட்டினார். நிழலில் வைத்தார். தின்னர் ஆவியாகிற வேகத்தில் போத்தில் சில்லென்று குளிர்ந்துவிட்டது. துணி காய்ந்தால் திரும்ப நனைப்பார். கையில் பட்டால் குளிரும் என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பிள்ளையின் பாலுக்குப் பாவிக்கலாம் என்று அவருக்குத்தான் தோன்றியது. தகப்பனல்லவா?

பால் கெடவில்லை. லேசாகப் பழ வாசம் மட்டும் ஏறியிருக்கும். பிள்ளை அதை மடக்கு மடக்கென்று குடித்தாள். மெல்ல மெல்லக் கன்னம் வைத்தது. பிறகு கையில் மடிப்பு விழுந்தது. பிறகு சிரித்தாள். அக்காவைக் கேட்கவேண்டுமா? பிள்ளையை இறக்கி வைத்தால்தானே! சோறு சமைப்பதும் பிள்ளையோடு, பூசைக்குப் போவதும் பிள்ளையோடு. "கொஞ்சம் என்னட்டையும் தாவன் அக்கா" என்று நான் கெஞ்ச வேண்டும்.

அக்காவுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. என் முன்னாலேயே ஒருநாள் அத்தானிடம் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்களும் பாதி குடியுங்கோவன். அது நஞ்சை முறிக்கிறதாமே."

"எனக்கென்ன? நான் வளந்து முடிஞ்ச ஆள். இவள் வளரட்டும்."

ஃபோர்மனுக்கும் தெரியும். இரண்டு மூன்று தரம் கண்டித்தார். பிறகு அத்தான் பின்பக்கம் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அப்படியிருக்க மாரி மழை தொடங்கியது.

எங்கள் பக்கத்து மாரி உங்களுக்குத் தெரியும். சுவரே வேர்க்கும். டோப் பூசிக் காயும்போது திட்டுத் திட்டாக வெள்ளை பூத்தது. வேகமாக ஆவியாகிற திரவம் துணியைக் குளிராக்கும், குளிர்ந்த துணியில் காற்றின் ஈரம் வந்து படியும், அதுதான் வெள்ளை என்கிறான் ரவி. மெதுவாகப் பறக்கட்டும் என்றுதான் பியூற்றைல் அசிற்றேற்றைச் சேர்ப்பார்களாம். எங்கள் மாரிக்கு அதுவும் போதவில்லை. வெள்ளை பூத்த பூச்சுக்குப் பலமில்லை. கழுவித் துடைத்துத் திரும்பப் பூச வேண்டும். மேலே இருந்து அவசரம் அவசரம் என்று ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஆகவே பூட்டினார்கள். ஜன்னல்கள், கதவுகள், எல்லாம். கதவின் கீழ் இடுக்குக்குக்கூடச் சாக்குத் திணித்தார்கள். ஈரத்தை விரட்ட உள்ளே சுடுநீராவிக் குழாய் வேறு. பத்து மணிக்கு வெளியே வருகிற ஆட்கள் காரணமில்லாமல் சிரித்தார்கள். தலையிடி என்றார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஏன் அண்ணை, உள்ள ஏலாதெண்டால் கதவைத் திறக்கச் சொல்லலாமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"பால் குடிக்கிறம்தானே தங்கச்சி, ஒண்டும் வராது," என்றார்.

பார்த்தீர்களா? இந்த இடத்தைத்தான் நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பால் ஒன்றும் செய்யவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. பால் இருந்தபடியால் யாரும் கதவைக் கேட்கவில்லை. பால் கொடுத்தால் வேலை கெடாது. கதவைத் திறந்தால் வேலை கெடும். எது சுலபம் சொல்லுங்கள்?

அன்றைக்கு அத்தானுக்குக் கிடைத்தது ஒரு செட்டையின் அடிப்பக்கம். மற்றவர்கள் நின்று பூசினார்கள். அவர் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, கையை உயர்த்திப் பூச வேண்டும். பத்து மணிக்கு மணி அடித்தது. எதிர்க் கொட்டிலின் கதவு திறந்தது. நான் ஊசியில் நூல் கோர்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக வந்து கோப்பையை வாங்கினார்கள். அத்தான் வரவில்லை.

ஃபோர்மன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சூசை! பால்!"

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

"சூசை!"

தூக்கிக்கொண்டு வந்து மழைக்குள் கிடத்தினார்கள். கையில் பிரஷ் அப்படியே இருந்தது. நான் ஓடிப்போய் அவருடைய கன்னத்தில் தட்டினேன். "அத்தான்! அத்தான்!" என்று கத்தினேன். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு ஃபோர்மன் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"எத்தனை தரம் சொன்னனான், பாலைக் குடி, பாலைக் குடியெண்டு. குடிச்ச எல்லாரும் இஞ்ச நிக்கினம். குடியாதவன் ஒருத்தன்தான். அவன் போயிட்டான்."

எவ்வளவு சரியான கணக்கு! யார் மறுப்பது? குடித்தவர்கள் எல்லோரும் உண்மையாகவே அங்கே நின்றார்கள், தலையைக் குனிந்துகொண்டு. அவர்கள் நின்றுகொண்டு பூசினார்கள், அத்தான் மட்டும்தான் படுத்துக்கொண்டு பூசினார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஃபோர்மன் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் நம்பினார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அத்தானின் தாய் மூலையில் இருந்து எழும்பி வந்தார். அக்காவின் மடியில் இருந்த பிள்ளையைக் கையால் காட்டினார்.

"இது பாலே குடிச்சது? என்ர பிள்ளையின்ர உயிரையல்லோ குடிச்சது!"

மகனைப் பறிகொடுத்த மனுஷி. நெஞ்சு வேகத்தில் சொன்ன சொல். அன்றோடு அதை மறந்துகூட இருப்பார். ஆனால் அக்கா மறக்கவில்லை. மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு ஜெசிந்தாவை அவள் தூக்கவே இல்லை.

பார்க்காமல் விட்டாள் என்று சொல்லமாட்டேன். குளிப்பாட்டினாள். ஊட்டினாள். தையல் மெஷின் மிதித்துப் படிக்க வைத்தாள். காய்ச்சல் என்றால் கண் மூடாமல் பக்கத்தில் இருப்பாள். ஆனால் தூக்கமாட்டாள், கொஞ்சமாட்டாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவரும். அக்கா சட்டென்று திரும்பி ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள். பிள்ளை அப்படியே நின்றுவிட்டு, பிறகு என்னிடம் வரும்.

"ஏன் அக்கா இப்பிடிச் செய்யிறாய்?" என்று ஒருநாள் பிடித்துக் கேட்டேன்.

"தூக்கினால் அந்தப் பழ வாசம் வருதடி," என்றாள்.

இது போதாதென்று, செத்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வேறு. வருஷா வருஷம் சேமக்காலைக்குப் போய், மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைக் கல்லறை முன் முழங்காலில் இருத்துவாள். "அப்பாட்ட மன்னிப்புக் கேள்." பிள்ளை கையைக் குவித்துக்கொண்டு சொல்லும்: "அப்பா, உங்கட பாலைக் குடிச்சதுக்கு என்னை மன்னியுங்கோ." மழலையில் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் அருள்நிறை மந்திரம் பாடமாக்குகிற வயதில் எங்கள் பிள்ளை இதைப் பாடமாக்கினாள்.

நான் சண்டை பிடிக்காமல் இல்லை. சேமக்காலை வாசலிலேயே பிடித்திருக்கிறேன்.

"அது பச்சைப் பிள்ளையடி அக்கா! அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமக் குடிச்சாலும் குடிச்சது குடிச்சதுதானே."

அத்தோடு நான் சண்டையை விட்டுவிட்டேன். ஏன் தெரியுமா? பால் மருந்து என்று நானும் நம்பினேன். 'பிள்ளைமேல் பிழை இல்லை' என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. 'அது உண்மையே இல்லை' என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நல்ல கெமிஸ்ற் பக்கத்து வீட்டில் குடியிருக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இவ்வளவு காலமும் மனிதர்களைப் பார்த்ததில் ஒன்று புரிகிறது. கெட்டது நடந்தால் நமக்கு உடனே ஒரு காரணம் வேண்டும், அதுவும் கையால் சுட்டிக் காட்டக்கூடிய காரணம். சாத்திய கதவை யாரும் சுட்டிக் காட்டுவதில்லை. கதவைச் சாத்தச் சொன்னவர்களையும் காட்டுவதில்லை. அவர்கள் எட்டாத இடத்தில் இருக்கிறார்கள். மடியில் கிடக்கிற பிள்ளைதான் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது திருப்பிப் பேசவும் பேசாது.

அக்கா போய்ச் சில வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தவளைத் தூக்கி இருத்தி, துடைத்து, ஊட்டி, எல்லாம் செய்தது ஜெசிந்தாதான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பள்ளிக்கூட ரீச்சர். அவளுக்கே இரண்டு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு இன்னும் தனியாகப் போய் முழங்காலில் இருந்துவிட்டு வருவாள். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்பதில்லை. உதடு அசைவதைப் பார்த்தாலே தெரியும்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அலுமாரியாவது மண்ணாவது! நசீரையும் ரவியையும் வீட்டில் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஜெசிந்தா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவள் குசினியில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சின்னம்மா, மழைக்குள்ள? சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே."

"பால் ஒண்டும் செய்யாதாம் பிள்ளை," என்றேன். மூச்சு வாங்கியது.

"என்ன பால்?"

"உன்ர அப்பான்ர பால்."

அவள் கை நின்றுவிட்டது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பால் வயிற்றுக்குப் போவது, ஆவி நெஞ்சுக்குப் போவது, அதன் பாரம், அது நிலத்தில் படுப்பது, அத்தான் பாயில் படுத்தது, கதவு, சாக்கு... முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கடைசியில் தெளிவாகச் சொன்னேன்: "அவர் அந்தப் பாலைக் குடிச்சிருந்தாலும் போயிருப்பார் பிள்ளை. கதவு திறந்திருந்தால் இருந்திருப்பார். அவ்வளவுதான்."

"ஆர் சொன்னது?"

"ரவி. அவன்ர வேலையே அதுதான்."

"அவனுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

"நிச்சயமாத் தெரியும்."

அவள் கையில் இருந்த இறாலை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் உரித்தாள். பிறகு சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நான்..."

"நீ பசிக்குப் பால் குடிச்சனி. எல்லாப் பிள்ளையளும் குடிக்கிறதுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அக்காவை நினைத்து அப்படியொரு ஆத்திரம். கொஞ்சம் பொறுத்துச் செத்திருக்கக்கூடாதா? இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

ஜெசிந்தா எழும்பிக் கையைக் கழுவினாள். சோப் போட்டு இன்னொரு தரம் கழுவினாள். வந்து என் பக்கத்தில் இருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டால் வாலுகள் எல்லாம் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுமாம். அவள் என்னைப் பார்க்காமல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"சின்னம்மா... இது அம்மாக்குத் தெரிஞ்சிருந்தா, என்னை ஒருக்காவது தூக்கியிருப்பா, என்ன?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இறக்கியே இருக்கமாட்டா."